ஷூ ரேக்கில் வைத்த பட்டுப்புடவை

1. மூன்று போட்டோக்கள்

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்த என்னைச் சேகர் சார் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். அதில் மூன்று போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டிய கதவு, ஒரு ஷூ ரேக், அதன்மேல் ஒரு பார்சல்.

“மூணும் நீ எடுத்த போட்டோதானே, பரிமளா?”

“ஆமா சார்.”

“மூணு பார்சலும் கஸ்டமர் கைக்குப் போகல. ஒண்ணு குக்கர். ஒண்ணு குழந்தைங்க டிரஸ். மூணாவது பட்டுப்புடவை. மூணும் உன் ரூட்டு, மூணும் ஒரே காலனி. மேலேருந்து போன் போட்டுக் குடையறாங்க. நான் என்னம்மா சொல்லட்டும்?”

சேகர் சார் எங்கள் ஹப்புக்குப் பொறுப்பாளர். ஹப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். லாரியில் வருகிற பார்சல்களை ரூட் வாரியாகப் பிரித்து நாங்கள் வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்புகிற இடம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் இருக்கிற பக்கம் ஏழு வருடமாக என் ரூட். அந்த ஏழு வருடத்தில் பார்சல் நசுங்கியிருக்கிறது, நனைந்திருக்கிறது, ஒருமுறை மாடு நக்கிக்கூட இருக்கிறது. காணாமல் போனதில்லை.

“இன்னும் ஒண்ணு போச்சுன்னா உன் ஐடியை பிளாக் பண்ணிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல” என்றார்.

ஐடி என்பது எங்கள் மொபைல் ஆப்பில் நுழைகிற எண். அதை முடக்கிவிட்டால் பார்சல் எடுக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து மெகா சீரியல் பார்க்க வேண்டியதுதான். எனக்கு மெகா சீரியல் பிடிக்காது.

2. முதல் நாள் செய்த தப்பும் அதன் திருத்தமும்

ஷூ ரேக்கில் வைக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் செக்கர். பட்டன், தையல், காஜா பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. வெளியில் சுற்றுகிற வேலை என்றதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முதல் நாள் நாற்பத்திரண்டு பார்சல் கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெல் அடித்து, பெயர் கேட்டு, கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பூட்டிய வீடானால் பத்து நிமிடம் படியில் உட்கார்ந்து பார்த்து, சாயங்காலம் ஹப்புக்குத் திரும்பியபோது வண்டியில் பத்தொன்பது பார்சல் மிச்சம் இருந்தது.

பையன்கள் எல்லாம் சிரித்தார்கள். “அக்கா, நீங்க என்ன பொண்ணு பாக்கவா போனீங்க?” என்றான் ஒருவன்.

சேகர் சார் சிரிக்கவில்லை. “பூட்டியிருந்தா போன் பண்ணு. வெச்சிட்டுப் போன்னு சொன்னா வெச்சிட்டு, போட்டோ எடுத்து, டெலிவர்டு போட்டுட்டு வந்துக்கிட்டே இரு” என்றார்.

அன்றிலிருந்து வந்துகொண்டே இருந்தேன். காலையில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதிகமுள்ள இடம் அது. ஒவ்வொருவரும் ஓர் இடம் சொல்வார்கள். ஷூ ரேக்கில், மீட்டர் பாக்ஸ் மேல், பால் பாக்கெட் போடும் பையில், துளசித் தொட்டிக்குப் பின்னால், பக்கத்து வீட்டுப் பழைய வாஷிங் மெஷினுக்குள். ஒரு மாமா முதல் மாடி பால்கனிக்குத் தூக்கிப் போடச் சொன்னார். போட்டேன். அது அவர் பால்கனியில் விழாமல் பக்கத்து பால்கனியில் விழுந்தது. அந்த இரண்டு வீட்டுக்கும் நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. பார்சலைத் திருப்பித் தரப் போய்ப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, கெட்டதே நடக்காத காரணத்தால் அந்தப் பழக்கம் எனக்குள் நன்றாக ஊறிவிட்டது.

3. காரைக்குடிப் பெட்டி

மூன்றாவது போட்டோவில் இருந்த பெட்டி காரைக்குடியிலிருந்து வந்தது. அனுப்பியவர் மீனாட்சி என்ற பெண்ணின் அப்பா. மீனாட்சியும் அவள் வீட்டுக்காரரும் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். அவளுக்குத் தலை தீபாவளி.

முறைப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் காரைக்குடிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவள் அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகி, அம்மா ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்தார். இந்த வருடம் நீங்கள் அங்கேயே கொண்டாடுங்கள் என்று சொல்லி, அவளுக்குப் பட்டுப்புடவையும் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும் ஒரு பெட்டியில் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கிசுகிசுத்துவிட்டு, “ஷூ ரேக்குல வெச்சிருங்கக்கா” என்றாள். வைத்தேன். போட்டோ எடுத்தேன். மணி பன்னிரண்டு ஐம்பது.

சேகர் சார் கூப்பிட்டுப் பேசிய அன்று மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். விடுப்பு போட்டு வீட்டில் இருந்தாள். திட்டுவாள் என்று தயாராகப் போனேன்.

“உங்க மேல தப்பில்லக்கா. வைக்கச் சொன்னது நான்தான்னு ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேன். எங்கப்பாதான் கோவத்துல புகார் குடுத்துட்டாக” என்றாள். பிறகு ஷூ ரேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்பாவுக்கு நடக்க முடியலக்கா. ஆனாலும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போயி, அவுகளே நின்னு எடுத்தாகளாம். கலரை என்கிட்ட சொல்லவே இல்ல. பிரிச்சுப் பாக்கட்டும்னு அம்மாவையும் சொல்லவிடல. இப்ப என்ன கலருன்னு கேக்க எனக்கே மனசு வரல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

4. நான் சொன்ன ஒரு பெயர்

அந்தக் காலனி வாசலில் தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவள் கன்னியம்மா. எனக்கு அவளும் அவளுக்கு நானும் ஏழு வருடப் பழக்கம். அவள் குடும்பம் பழைய முகப்பேர் ஊர்க்காரர்கள். யார் வீட்டில் யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நேராக அவளிடம் போனேன்.

“நான் பட்டுப்புடவைப் பெட்டி வெச்ச அன்னிக்கு, ரெண்டாம் மாடிக்கு யாராவது போனாங்களா?”

“உங்காளுதான் வந்தான். நீலக் கலர் டீசர்ட்டு போட்டுகினு, ஹெல்மெட்டு மாட்டிகினு. நீ போயி ஒரு அரை அவரு கீது. பெட்டிய எட்துகினு எறங்குனான். இன்னாபான்னு கேட்டேன். ராங் பார்சலு, ரிட்டன்னுட்டு பூட்டான்.”

நீல டீசர்ட் எங்கள் சீருடை. என் மனதில் உடனே ஒரு முகம் வந்தது. பிரகாஷ்.

பிரகாஷ் எங்கள் ஹப்பில் சேர்ந்து நாலு மாதமான பையன். பையன் என்றால் இருபத்தெட்டு வயது. யாரிடமும் அதிகம் பேச மாட்டான். அவன் ரூட் அம்பத்தூரிலேயே, ரயில் பாதையை ஒட்டிய தெருக்கள். ஆனால் அதே வாரத்தில் இரண்டு முறை, மதிய நேரத்தில், அவன் வண்டியை நான் முகப்பேரில் பார்த்திருந்தேன். கேட்டதற்கு “சும்மாக்கா” என்று நழுவியிருந்தான்.

நான் யோசிக்கவில்லை. ஹப்புக்குப் போய் சேகர் சாரிடம் கன்னியம்மா சொன்னதைச் சொன்னேன். கூடவே பிரகாஷின் வண்டியைப் பார்த்ததையும் சொன்னேன். ‘அவன்தான் எடுத்தான்’ என்று சொல்லவில்லை. ஆனால் வேறு எதற்காக அதைச் சொன்னேன்?

மறுநாள் காலை, எல்லோரும் பார்சல் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சேகர் சார் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். “மத்தியானத்துல முகப்பேர்ல உனக்கு என்ன வேலை?”

எல்லோர் கையும் நின்றுவிட்டது. பிரகாஷ் கையிலிருந்த பார்சலைக் கீழே வைத்தான். அப்புறம் தன் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தான். டிபன் பாக்ஸ், மழைக்கோட்டு, தடிமனான ஒரு பொது அறிவுப் புத்தகம், கோடு போட்ட நோட்டு இரண்டு.

“அங்க கிளை நூலகம் இருக்கு சார். சாப்பாட்டு நேரத்துல குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கறேன். ரெஜிஸ்டர்ல டெய்லி கையெழுத்துப் போடணும். எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குப் போனேன், எல்லாம் இருக்கும். வேணும்னா போய்ப் பாத்துக்கங்க.”

“இதை ஏன்டா ஒளிக்கணும்?”

“கலெக்டர் சார்னு கூப்பிட்டு ஓட்டுவாங்க சார்.”

நானே நூலகத்துக்குப் போய் ரெஜிஸ்டரைப் பார்த்தேன். பெட்டி காணாமல் போன நாளில் பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தவன் இரண்டு மணி வரை இருந்திருக்கிறான். நூலகர் அம்மா வேறு, “அந்தத் தம்பியா? பக்கத்துல இடி விழுந்தாலும் தலை தூக்காது” என்று சான்றிதழ் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றேன். “பிரகாஷு, சார்கிட்ட உன்னப் பத்தி சொன்னது நான்தான். தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடு” என்றேன்.

“பரவால்லக்கா” என்றான். துடைப்பதை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அந்தப் ‘பரவால்ல’ எனக்கு இறங்கவே இல்லை.

5. கன்னியம்மாவிடம் மறுபடியும்

முதல் தடவை நான் கேட்டது ஒரே கேள்வி. பதிலும் ஒன்று வந்தது. அதை வைத்துக்கொண்டு ஓடிவிட்டேன். ஆடை நிறுவனத்தில் ஒரு சட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. மனிதன் விஷயத்தில் ஒரு பக்கம் பார்த்ததே போதும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் கன்னியம்மா வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எப்படி இருந்தான், மொதல்லேருந்து சொல்லு.”

“இன்னாமே, போலீஸ் மாதிரி குந்திகினு கேக்கற?” என்று சிரித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தாள். “மூஞ்சி தெர்ல. ஹெல்மெட்ட கயட்டவே இல்ல. நீங்கள்லாம் வந்தா கீய நின்னு போன் போடுவீங்க, வூட்டு நம்பரு கேப்பீங்க. இவன் ஒண்ணும் கேக்கல. நேரா மேல பூட்டான். அப்பறம்...”

“அப்புறம்?”

“உங்காளுங்க வரும்போ பை ரொம்பி கீது, போம்போது காலியா பூடுது. இவன் பை காலியா வந்துச்சு. ரொம்பிகினு போச்சு.”

நானும் சேகர் சாரும் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்ததை, இவள் வேட்டி மடித்துக்கொண்டே பார்த்து வைத்திருக்கிறாள்.

“இதை அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

அப்புறம்தான் முழுப் படமும் தெரிந்தது. எங்கள் ஆள் யாரும் இல்லை. யாரோ ஒருவன் எங்களைப் போல டீசர்ட் போட்டுக்கொண்டு, என் வண்டி எந்தக் காலனிக்குள் போகிறது என்று பார்த்துக் காத்திருக்கிறான். நான் கிளம்பியதும் உள்ளே வந்து, ஷூ ரேக்குகளைப் பார்த்துக்கொண்டே படியேறுகிறான். யாராவது பார்த்துவிட்டால் ‘ராங் பார்சல், ரிட்டர்ன்’. சீருடை போட்டவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

6. சங்கத்தின் அவசரக் கூட்டம்

காலனி குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேதாசலம் சார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். வாசல் கேட்டின் எண்ணெய் போடாத கீலைப் பற்றிப் பேசினாலும் ‘கனம் உறுப்பினர்களே’ என்று ஆரம்பிப்பவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் பிரகாசமாகிவிட்டது. எத்தனையோ வருடமாக ஒரு நல்ல அவசரத்துக்காகக் காத்திருந்தவர் போல உடனே கூட்டம் போட்டார்.

முதலில் போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். அங்கே இருந்த போலீஸ் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ரோந்து வண்டியின் எண்ணைக் கொடுத்தார். “ஆளைப் பாத்தா போன் பண்ணுங்க. நீங்களா அடிதடியில இறங்காதீங்க” என்று கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்து, பார்சலைக் கதவு வாசலில் வைப்பதே கூடாது என்று முடிவாயிற்று. பூட்டிய வீடானால் கன்னியம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவள் வண்டிக்கடியில் பூட்டுப் போட்ட மரப்பெட்டி உண்டு. வீட்டுக்காரர் போனில் வந்த நாலு இலக்க எண்ணைச் சொன்னால்தான் அவள் பார்சலைக் கொடுப்பாள். கன்னியம்மாவுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. முதல் நாளே வேதாசலம் சார் தன் பார்சலை வாங்க வந்தபோது, “நம்பரு சொல்லு சார்” என்றாள். அவர் போனை மேலே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். “நான்தானேம்மா செகரட்டரி!” என்றார். “அது ஒன்னிய எனக்குத் தெரியும். நம்பருக்குத் தெரியுமா?” என்றாள். மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி இறங்கினார்.

மூன்றாவது விஷயம் வேதாசலம் சாருடைய யோசனை. அவனைப் பிடிக்க ஒரு பெட்டி மட்டும் ஷூ ரேக்கில் வைப்பது. நல்ல கனமான பெட்டியாக இருக்க வேண்டும் என்று, சங்கத்தின் பன்னிரண்டு வருடத் தீர்மானங்களை எழுதிவைத்த மினிட்ஸ் நோட்டுகளை உள்ளே வைத்து அவரே டேப் சுற்றினார். நான் வழக்கம்போல் கொண்டுபோய் மீனாட்சி வீட்டு வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மூன்றாம் மாடிப் படியில் யாராவது உட்கார்ந்து கவனிக்க வேண்டும். யார்? காலனியில் பகலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குப் படியேற முடியாது.

ஹப்பில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பிரகாஷின் குரல் வந்தது.

“நான் வர்றேன்க்கா. லன்ச் டைம்ல எங்க உக்காந்து படிச்சா என்ன?”

திரும்பிப் பார்த்தேன். இந்தத் தடவை அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

7. ரிட்டர்ன்

முதல் நாள் யாரும் வரவில்லை. பிரகாஷ் சோழர் காலத்தைப் படித்து முடித்தான். இரண்டாம் நாள் கொட்டுகொட்டென்று மழை. விஜயநகரம் முடிந்தது. தீபாவளிக்கு நாலு நாள்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மூன்றாம் நாள் பெட்டியை வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு வெளியே வந்து, அடுத்த தெரு மருந்துக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி நின்றேன். கால் மணி நேரம் போயிருக்கும். கன்னியம்மா போன் செய்தாள். “காலிப் பை வந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரோந்து வண்டிக்குப் போன் செய்துவிட்டுக் காலனிக்குத் திரும்பினேன். வாசலில் ஒரு பைக் நின்றது. கன்னியம்மா தலை நிமிராமல் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எனக்கு முன்பே அங்கே வேதாசலம் சார் ஒதுங்கியிருந்தார். இருவரும் இடித்துக்கொண்டோம்.

அவன் இறங்கி வந்தான். நீல டீசர்ட், ஹெல்மெட், முதுகில் புடைத்த பை. ஒரு மாடி இடைவெளி விட்டு, கையில் புத்தகத்தோடு பிரகாஷ். டீசர்ட்காரன் அவசரமே படாமல் பைக்கில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகக் கையைக் கொண்டுபோனான். சாவி இல்லை. சட்டைப் பையைத் தடவினான், பேண்ட் பையைத் தடவினான். கீழே குனிந்து பார்த்தான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். சட்டென்று திரும்பிவிடலாம் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

“அக்கா, இங்க வண்டிச் சாவி பாத்தீங்களா?”

கன்னியம்மா காலரின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டாள்.

“அது ராங் சாவி நைனா. ரிட்டன் எட்துகினு பூட்டாங்க.”

கேட்டுக்குப் பின்னால் வேதாசலம் சாருக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதில்தான் அவனுக்குப் புரிந்தது. இறங்கி ஓடப் பார்த்தான். கேட்டில் நாங்கள், பின்னால் பிரகாஷ். முதல் மாடியில் ஒரு பெரியவர் வேறு பால்கனியிலிருந்து கைத்தடியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவன் நின்றுவிட்டான். யாரோ ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போனேன். “யாரும் கை வைக்கக் கூடாது. போலீஸ் வந்துக்கிட்டிருக்கு” என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினான். முப்பது வயதுக்குள் ஒரு சாதாரண முகம். வேர்த்துக் கொட்டியது. கன்னியம்மா தன் ஸ்டூலை நகர்த்தி, “குந்து” என்றாள். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினாள். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

போன பண்டிகை சீசனில் வேறொரு இடத்தில் தற்காலிக டெலிவரி வேலை பார்த்தவனாம். சீசன் முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். டீசர்ட் மட்டும் கடையில் வாங்கியது.

“இத்தனை வீடு ஏறி இறங்கியிருக்கியே, பயமா இல்லியா?” என்று கேட்டேன்.

“மொதல் நாள் பயமா இருந்துச்சுக்கா. யாருமே ஒண்ணும் கேக்கல. படியில பாத்தவங்களும் வழி விட்டாங்க” என்றான்.

அதைக் கேட்டு அங்கே நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வழி விட்டவர்களில் சிலர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

8. பிறகு நடந்தவை

அண்ணனூர் பக்கம் அவன் தங்கியிருந்த அறையிலிருந்து போலீஸார் ஏழு பார்சல்களை எடுத்தார்கள். குக்கர் இருந்தது. குழந்தைகள் டிரஸ் இருந்தது. காரைக்குடிப் பெட்டியும் இருந்தது. டேப் கிழிந்திருந்ததே தவிர, புடவை மடிப்புக் கலையவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். தீபாவளிக்கு முன் அது நடக்காது.

இதில் அதிகமாகத் தவித்தவர் வேதாசலம் சார். அவருடைய மினிட்ஸ் நோட்டுகளும் வழக்குச் சொத்தாகிவிட்டன. “அடுத்த மாசம் ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கே!” என்று போலீஸ் நிலைய வாசலில் நின்றார். முந்தைய தீர்மானம் எதையும் எடுத்துக்காட்ட முடியாமல் போனதால், அந்தப் பொதுக்கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. காலனிக்காரர்கள் இன்றும் அதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை. பார்சல் பிரித்துக்கொண்டிருந்தபோது காரைக்குடி முகவரி போட்ட ஒரு சின்னக் கட்டு வந்தது. மீனாட்சி பெயருக்கு. அதைப் பின்னால் கட்டாமல் வண்டியின் முன்பக்கம், காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, முதல் டெலிவரியாகக் கொண்டு போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள். நம்பர் கேட்டேன். சொன்னாள். கையில் கொடுத்தேன். போகாமல் நின்றேன். எங்கள் தொழிலில் அது தப்பு, ஆனாலும் நின்றேன்.

உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு கண்டாங்கிச் சேலை. அவள் அம்மா தனக்கென்று வாங்கி, கட்டாமல் வைத்திருந்ததாம். ஒரு சீட்டில், ‘பட்டு வரும்போது வரட்டும். இதைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்கு வீடியோ போடு’ என்று எழுதியிருந்தது. மீனாட்சி சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எனக்கு ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். அவளே சுட்டது. கடிக்க முடியவில்லை. பையில் போட்டுக்கொண்டு, “வீட்ல போய் சாப்பிடறேம்மா” என்றேன்.

பட்டுப்புடவை மார்கழிக் கடைசியில் கிடைத்தது. மயில்கழுத்து நிறம். அதைக் கட்டிக்கொண்டு தலைப் பொங்கலுக்குக் காரைக்குடிக்குப் போனாள்.

பிரகாஷ் அந்த முறை தேர்வில் தேறவில்லை. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. மறுபடி எழுதுகிறான். இப்போது ஹப்பிலேயே எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து படிக்கிறான், கலெக்டர் என்று கூப்பிட்டால் “சொல்லுங்க, மனு கொண்டுவந்திருக்கீங்களா?” என்கிறான்.

நான் இப்போது அந்த ஹப்பில் ஷிஃப்ட் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எத்தனை பார்சல் முடிக்க வேண்டும் என்பது. நான் சொல்வது இதைத்தான். பார்சலை வைக்காதே, கொடு. டெலிவர்டு என்று அழுத்துவதற்கு முன்னால் யார் கையில் கொடுத்தாய் என்று உனக்கே ஒரு பெயர் சொல்லிக்கொள். பெயர் வரவில்லையென்றால் அழுத்தாதே, ஹப்புக்குத் திருப்பிக் கொண்டுவா. நான் திட்ட மாட்டேன். ஏதாவது காணாமல் போனால் எல்லோரையும் கேள்வி கேள், ஆனால் கேட்டு முடிக்கும்வரை யார் பெயரையும் சொல்லாதே. இது நான் ஒருவனைத் தலைகுனிய வைத்துக் கற்றுக்கொண்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. சீருடையைப் பார்த்து வழி விடாதீர்கள். யார், எங்கிருந்து, எந்த வீட்டுக்கு என்று கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. போன தீபாவளி சமயம் ஆள் பற்றாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெரிய அடுக்ககம், தூறல் வேறு. கிரில் கதவுக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மா என் பெயர், ஹப், பார்சல் எண் எல்லாவற்றையும் கேட்டார். அதோடு விடாமல் ஹப்புக்குப் போன் போட்டு, “பரிமளான்னு ஒரு லேடி வந்திருக்காங்க. உங்க ஆள்தானா? எப்படி இருப்பாங்க?” என்று விசாரித்தார். போனை எடுத்த பையன் என்ன வர்ணனை கொடுத்தானோ, அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “குண்டா... ஆமா, சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். நாலு நிமிடம் நனைந்திருந்தேன். அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பார்சலை அவர் கையிலேயே கொடுத்தேன்.